கற்ற தொழிலைக் கைவிடுவதேன்?

மக்கள் மேற்கொள்ளும் தொழில்கள் பலவற்றுள்ளும் பிணி தீர்க்குந் தொழில் தலையாயதென்பது எந்நாட்டவர்க்கும் ஒப்ப முடிந்த கொள்கையாம். அதனைக் கற்க இளைஞர் படும் பாட்டையும், அவரைக் கற்பிக்கப் பெற்றோர் படும் பாட்டையும் யாவரும் அறிவர். அங்ஙனம் அரிதிற் கற்ற தொழிலை இடையிலே துறந்து வேறு வழிச் செல்வோர் நம்மிடையே பலராயிருத்தலைக் காண்கின்றோம். மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர் ஆகிய எல்லா வகுப்பாருள்ளும் இத்தகையோர் உளர். இவர்கள் விலகுவதேன்? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைக் கல்லூரியில் தமிழ் பயிலும் நாம் இப்பொருள் பற்றி எழுதுவது தகுமோவெனச் சிலர் ஐயுறலாம். செவிலியர் கல்வியை இடையே நிறுத்தி நம் வகுப்புகளில் வந்தமர்ந்தோர் உளர். பட்டம் பெற்றுந் தொழில் புரியாதிருப்போர் நம் பழைய மாணவர் இல்லங்களிலும் உளர். ஆதலின் இது நம் வீட்டுச் செய்தியே யன்றி அயலார் செய்தியன்று.

மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது கூனிமேடு என்னும் ஊர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கும்பினியார் இங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்து, பின்னர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டை தங்கட்கு வாய்த்தபின் இதனைக் கைவிட்டுச் சென்றனர். கும்பினியார் போயினும் கடலும் உப்பும் போகவில்லை. இக்கரையின் உப்பளங்களில் வெயிற்காலமெல்லாம் வேலை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின்னர் வேலையில்லை. வெண்மையான உப்புப் பரப்பில் வெயில் பட்டு மீளும் ஒளி கண்ணை வருத்தும்; உப்புநீர் காலை அரிக்கும். இத்தகைய குடும்பங்களிலிருந்து ஒரு மகள் வெள்ளுடை யணிந்து செவிலியாகப் புறப்படுவாளாயின், அது ஒரு குடும்பத்தின் ஏற்றமாகவே கருதப்படும்.

இக்கரைக்கு அவள் எத்துணை வேண்டியவள் என்பதை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று காட்டும். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில் நச்சுச் சாராயம் அருந்தியவர் பலர் ஒருசேர வீழ்ந்தனர். அவர்களை முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கும் புதுச்சேரிப் பக்கத்து மருத்துவமனைகளுக்கும் கொண்டு சென்றனர். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், மற்றையோர் பிழைத்தனர். மெத்தனால் என்னும் நஞ்சு கண்ணொளியைக் கெடுத்து, குருதியைப் புளிப்பேற்றிக் கொல்லுவது. அதற்கு மருந்து மாத்திரம் போதாது. மணிக்கு மணி மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டு பக்கத்திலிருப்போர் வேண்டும். அத்தகையோர் இல்லாத இரவில் பெரிய கட்டடமும் விலையுயர்ந்த பொறிகளும் என்ன செய்யும்?

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்பினதாக வகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு, உழைச்செல்வான் என ஒருவனையும் நான்காவதாக வைத்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று மருந்தை இயற்றிக் கொடுப்பவனே உழைச்செல்வான். தீர்ப்பவனோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட அவன் இந்நாளில் அவ்வாறு எண்ணப்படுகின்றானா என்று நோக்கின், நம் வினாவின் விடையிற் பாதி அங்கேயே கிடைக்கும்.

முதற்கண் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். வெளிநாடு செல்லும் செவிலியைத் தொழிலை விட்டவளென்று கூறுதல் பொருந்தாது. அவள் விட்டது நாட்டையே யன்றித் தொழிலையன்று. உலகில் 2023ஆம் ஆண்டில் 58 லட்சம் செவிலியர் குறைவாயிருந்தனரென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆதலின் வேண்டுமிடத்தார் அழைக்கின்றனர், இவர் செல்கின்றனர். நாம் ஈண்டு ஆராய்வது, கற்ற கல்வியையே பயன்படுத்தாது ஒதுக்கி வைத்தவரைப் பற்றியதாகும்.

இவருள் மிகச் சிலர் வேறொரு கலையால் ஈர்க்கப்பட்டவர். ஆங்கிலப் புலவர் கீட்ஸ் 1816இல் மருந்தாளுநர் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர். அதன்பின் கவிதையையே தொழிலாகக் கொண்டார். சாமர்செட் மாம் 1897இல் மருத்துவராகத் தகுதி பெற்ற பின்னரே முழுநேர எழுத்தாளரானார். இத்தகையோரைத் தடுத்தல் இயலாது, தடுத்தலும் நன்றன்று. பலருடைய நிலையோ இதற்கு வேறானது. அவர் எதனாலும் ஈர்க்கப்பட்டவரல்லர், தள்ளப்பட்டவர். தள்ளுங் காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் காரணம் தொழிலினுள் நுழையும் வாயிலிலேயே உள்ளது. நம் நாட்டில் மாணவன் துறையைத் தேர்ந்தெடுப்பதினும் மதிப்பெண் அவனைத் தேர்ந்தெடுப்பதே மிகுதி. மருத்துவப் பட்டப்படிப்பிற்கு இடம் கிடையாதவன் பல் மருத்துவத்திற்கும், அதுவும் கிடையாதவன் இயன்முறை மருத்துவத்திற்கும் மருந்தியலுக்கும் செவிலியர் கல்விக்குமாகப் படிப்படியாக இறங்குகின்றான். ஒவ்வொரு படியிலும் அவன் மனத்தில் நிற்பது தான் பெற்றதன்று, பெறாததே. நாட்டில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அவற்றினின்று வெளிவருவோர் அனைவர்க்கும் அரசுப் பணி இல்லை. தனியே சிகிச்சையகம் வைக்க நாற்காலியும் கருவியும் வாங்கும் முதல் வேண்டும். விருப்பமும் இன்றி முதலும் இன்றித் தொழிலில் நிற்பவன் எத்துணைக் காலம் நிற்பான்?

இரண்டாவது, பயிற்சிக் காலத்தின் கொடுமை. மேற்பட்டம் பயிலும் மருத்துவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் வாரத்திற்கு 48 மணி நேரமுமே பணி செய்ய வேண்டுமென 1992ஆம் ஆண்டிலேயே மத்திய அரசின் விதி யெழுந்தது. இடையறாது ஒன்றரை நாள் விழித்திருந்து பணி செய்தோர் அவ்விதியை ஏட்டிலேதான் கண்டனர். ஐந்தாண்டுக் காலத்தில் நாடெங்கும் ஆயிரத்திற்கு மேற்பட்ட மாணவர் மருத்துவக் கல்வியை இடையில் விட்டனரென்பதும், அவருட் பெரும்பாலோர் மேற்பட்டம் பயின்றோரே யென்பதும் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட செய்தியால் விளங்கின. விட்டுச் செல்ல விரும்புவோர் பல லட்சம் ரூபாய் தண்டம் செலுத்துமாறு சில மாநிலங்கள் விதித்திருந்தன. அத்தண்டத்தை நீக்குமாறு 2024இல் அவ்வாணையமே மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு, உள்ளிருப்போர் விரும்பி யிருக்கின்றனரெனக் கூறுதல் எங்ஙனம்?

மூன்றாவது காரணம் ஊதியம். தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வாயிலாகத் தேர்வெழுதித் தேறிய செவிலியர் பல்லாயிரவர்க்குத் தொகுப்பூதியமாகத் திங்களுக்கு 7,700 ரூபாய் வழங்கப்பட்டது. நாட்கணக்கிற் பார்ப்பின் 260 ரூபாய்க்கும் குறைவு. நிரந்தரப் பணியும் உரிய ஊதியமும் வேண்டி அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் ஒன்று திரண்டு கிளர்ச்சி செய்தனர். பின்னர் அத்தொகை உயர்த்தப்பட்டது. கொரோனாப் பெருநோய்க் காலத்தில் 2020இல் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட செவிலியருள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவுற்றது. அந்நோயின் தொடக்கத்தில் நாட்டார் மாடங்களில் நின்று கைதட்டி வாழ்த்தியது செவிலியரையும் உள்ளிட்டே யென்பதை நினைவுகூர்க.

தனியார் மருத்துவமனைகளின் நிலை பற்றி உச்சநீதிமன்றம் 2016 ஜனவரியில் ஆணையிட, மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. இருநூறு படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் அரசுச் செவிலியர்க்கு ஒப்பான ஊதியமும், ஐம்பது படுக்கைகளுக்குக் குறைந்தவற்றிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும் அளிக்க வேண்டுமென அக்குழு பரிந்துரைத்தது. கேரள மாநிலம் 2018இல் குறைந்த ஊதியத்தை 20,000 ரூபாயாக உயர்த்தி ஆணை பிறப்பித்தது. பரிந்துரையென்பது வழிகாட்டும் பலகை. வண்டியை ஓட்டுவோர் மாநிலத்தாரும் மருத்துவமனையாருமே.

நான்காவது, வேலையின் சுமையும் குடும்பத்தின் சுமையும் ஒருங்கே வந்து சேர்தல். பொது நோயாளர் விடுதியில், கற்பிக்கும் மருத்துவமனையாயின் மூவர்க்கு ஒருவரும், ஏனையவற்றில் ஐவர்க்கு ஒருவரும் செவிலியராக இருத்தல் வேண்டுமென்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவு. இரவில் ஒரு விடுதி முழுவதையும் இருவர் பார்த்துக்கொள்ளும் இடங்களில் இவ்வளவு என்னாயிற்றென்பதை வாசகரே உய்த்துணர்க. செவிலியருட் பெரும்பாலோர் பெண்டிர். திருமணமாகிக் குழவியும் பிறந்தபின் இரவுப் பணிக்குச் செல்லும் தாய், அக்குழவியை யாரிடம் விடுவாள்? ஐம்பதின்மர்க்குக் குறையாத பணியாளர் உள்ள நிலையங்களில் குழவியர் காப்பகம் அமைக்க வேண்டுமென 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. காப்பகம் இருப்பினும் அது பகலில் மட்டும் திறந்திருக்குமாயின் இரவுப் பணியாட்டிக்குப் பயனில்லை. இவ்வாறு பணியை விட்டோரை "இல்லறத்தை விரும்பி விட்டாள்" என்று ஊரார் கூறுவர். அவள் விரும்பியது இரண்டையும்; ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள இடமிருந்தது.

ஐந்தாவது அச்சம். 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் ஒருவர் தாம் பணி செய்த மருத்துவமனையிலேயே கொல்லப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் சென்னைக் கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் கத்தியாற் குத்தப்பட்டார். மருத்துவப் பணியாளரைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் உண்டு. ஆயினும் கூட்ட மிகுந்த இடத்தில், நெடுநேரம் காத்திருந்தோரின் சினம் முதலிற் பாய்வது எதிரில் நிற்பவர்மீதே. காத்திருக்கச் செய்தவர் எதிரில் நிற்பதில்லை.

இவ்வாறு தள்ளப்படுவோரை ஏற்றுக்கொள்ள வேறொரு வாயில் திறந்திருப்பதும் காண்க. அது மருத்துவக் குறியீட்டுப் பணியாகும். மெடிக்கல் கோடிங் என்று இளைஞர் வழங்குவர். அமெரிக்க மருத்துவர் தம் நோயாளர்க்குச் செய்த சிகிச்சைகளின் குறிப்பைப் படித்து, இன்ஷூரன்ஸ் நிறுவனங்களிடம் பணம் பெறுவதற்கு வேண்டிய குறிகளாக மாற்றி எழுதுவதே அவ்வேலை. அந்நாட்டார் 2015 அக்டோபர் 1ஆம் நாள் புதிய நோய்க்குறி அட்டவணையை மேற்கொண்டனர். ஏறக்குறைய 14,000 குறிகள் இருந்தவிடத்து 68,000 குறிகள் வந்தன. உடற்கூறும் நோய்ப் பெயரும் அறிந்தோர் அதற்கு மிகுதியாக வேண்டியிருந்தனர். சென்னையில் இத்தகைய நிறுவனங்கள் பல உள்ளன. செவிலியரும், இயன்முறை மருத்துவரும், மருந்தியற் பட்டதாரிகளும், பல் மருத்துவரும் அங்கே அமர்ந்து எண்ணும் எழுத்துமாக நோய்களை எழுதுகின்றனர். கற்ற கல்வி முற்றும் வீணாயிற்றென்று கூறவொண்ணாது. ஆனால் அவர் கண்முன் ஏடு உளது, நோயாளி இலன். குளிரூட்டிய அறை, திட்டமான நேரம், யாரும் அடிக்க வாராத நாற்காலி ஆகிய இவை பெருஞ்செல்வமல்ல. மருத்துவமனை இவற்றையும் அளிக்கவில்லை யென்பதே கருதத்தக்கது.

இனி, நம் போன்ற மிஷன் கல்லூரிகளில் அடிக்கடி வழங்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அது தொண்டு என்பது. தொழிலை விட்ட செவிலியைப் பார்த்து, "தொண்டுள்ளம் இல்லாதவள்" என்று கூறுவாரை நாம் கேட்டதுண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரிற் பணி தொடங்கி, 1909இல் செவிலியர் பள்ளியும் 1918இல் மகளிர்க்கு மருத்துவப் பள்ளியும் நிறுவிய வரலாற்றை எடுத்துக்காட்டி, அத்தகைய தியாகம் இக்காலத்தார்க்கு இல்லையே யென வருந்துவாரும் உளர். அம்மையாரின் பெருமையை நாமும் போற்றுகின்றோம். ஆனால் அக்காலத்து மிஷனரி மருத்துவர்க்கு உறைவிடமும் வாழ்க்கைப்படியும், சில்லாண்டுக்கொருமுறை தாய்நாடு சென்று இளைப்பாறும் விடுமுறையும் அவரை அனுப்பிய சங்கங்கள் அளித்துவந்தன. தொண்டின் பின்னே அதனைத் தாங்கும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அவ்வேற்பாட்டை நீக்கிவிட்டுத் தொண்டை மாத்திரம் கேட்பது, விளக்கைக் காட்டி எண்ணெயை மறைப்பது போலாம்.

உப்பளத் தொழிலாளி ஒருவர் அளத்தை விட்டுக் கட்டட வேலைக்குப் போவாராயின், கூனிமேட்டில் யாரும் அவரை உப்புக்குத் துரோகஞ் செய்தவரென்று கூறார். கூலி போதவில்லை, மழைக்காலத்தில் வேலையில்லை, கண் கெட்டது என்று காரணம் எளிதில் விளங்கும். அவர் மகள் செவிலிப் பணியை விட்டாலோ காரணம் யாரும் கேளார், குணத்தையே பழிப்பர். தந்தைக்கு அளிக்கும் நியாயத்தை மகளுக்கு மறுப்பது என்ன முறை? தொழில் உயர்ந்ததென்பது, அதனைச் செய்வோர்க்குக் குறைவாக அளிப்பதற்குக் காரணமாகலாகாது.

கற்றோர் விலகாதிருக்கக் கல்வியையே அதற்கேற்ப அமைத்தல் கூடுமென்பதற்குத் தமிழுலகத்திலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 முதல் மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகங்களை நாடி வேற்றிடம் செல்லக் கண்டு, 1864இல் தமிழிலே கற்பிக்கலானார். தமிழிற் கற்றோர் தம் ஊர்களிலேயே தங்கி மக்களுக்குப் பயன்படுவரென்பது அவர் எண்ணம். அதற்காக ஆங்கில மருத்துவ நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். 1873இல் அவர் தாய்நாடு திரும்புமுன் அவரிடம் பயின்ற மருத்துவர் அறுபதின்மர்க்கு மேற்பட்டவர். தமிழ் பயிலும் நாம் கிறீன் வைத்தியரை மொழிபெயர்ப்பாளரென்றே போற்றுகின்றோம். "கற்றவர் ஏன் விலகுகின்றனர்?" என்று கேட்டு, விலகுவோரை வையாமல் தம் பள்ளியையே திருத்திக்கொண்டவர் அவர் என்பதையும் போற்றுதல் வேண்டும்.

அவ்வழியில் இக்காலத்திற்கேற்பச் செய்யத்தக்கன சில உள. ஊர்ப்புறத்துப் பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்றினால் அவர் ஊர்ப்புறத்தே தங்குதல் மிகுதியென்பதை உலக சுகாதார நிறுவனம் 2010இலும் 2021இலும் வெளியிட்ட நெறிமுறைகளில் வற்புறுத்தியுள்ளது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கித் தமிழ்நாடு 2020இல் இயற்றிய சட்டம் அத்திசையிற் செல்வதே. வேலூர்க் கல்லூரியில் திருச்சபைகளின் பரிந்துரையாற் சேருவோர் பட்டம் பெற்றபின் குறித்த காலம் மிஷன் மருத்துவமனைகளிற் பணி செய்யும் முறையும் நெடுங்காலமாக உண்டு. ஆயின் ஊரிலிருந்து எடுத்தல் மட்டும் போதாது. ஊரில் இருத்துதற்கு வீடும், உரிய ஊதியமும், இரவில் திறந்திருக்கும் குழவியர் காப்பகமும், மேற்கல்விக்கு வாய்ப்பும் வேண்டும். இயன்முறை மருத்துவர் முதலிய துணைத் தொழிலாளர்க்கு நாடு தழுவிய சட்டம் 2021இலேதான் வந்தது. பெயரும் பதிவும் அளித்த அச்சட்டம், இடமும் ஊதியமும் அளிக்கும் நாளையே அவர்கள் எதிர்நோக்கியுள்ளனர்.

விலகியோர் மீண்டு வருதற்கும் வழி வேண்டும். குழவி வளர்ந்தபின் பணிக்குத் திரும்ப விரும்பும் செவிலிக்குச் சில மாதங்கள் புதுப்பயிற்சி அளித்தால், நான்காண்டு செலவிட்டுப் புதிதாக ஒருத்தியைப் பயிற்றுவதினும் அது எளிது. அவள் கற்றது மறந்திருக்கலாம். நோயாளியின் முகம் பார்த்து நோயறியும் பழக்கம் எளிதில் மறப்பதன்று.

மாணவ நண்பர்களே! நம் தங்கையரும் தம்பியரும் ஆண்டுதோறும் இத்துறைகளிற் சேருகின்றனர். சேருமுன் அவர்களிடம், "இதனை நீ விரும்புகின்றாயா?" என ஒருமுறை கேட்போம், மதிப்பெண் பட்டியல் அக்கேள்வியைக் கேளாது. பணியிற் சேர்ந்தபின், "உன் ஊதியம் யாது? இரவில் எத்தனை நோயாளரை நீ பார்க்கின்றாய்?" எனவும் கேட்போம். விட்டு வந்தாரைக் காணின், "ஏன் விட்டாய்?" என்பதைப் பழியாக அன்றி வினாவாகவே கேட்டு, விடையைப் பொறுமையோடு செவிமடுப்போம். நாளை நாம் ஆசிரியராகவும், அதிகாரிகளாகவும், திருச்சபை மருத்துவமனைகளின் நிருவாகக் குழுவினராகவும் ஆகுங்கால் அவ்விடைகள் நமக்குப் பயன்படும். நோயாளியின் பக்கத்தே நிற்பாரை நிலைநிறுத்த வேண்டின், நாம் அவர் பக்கத்தே நிற்றல் வேண்டும்.